கம்ப்யூட்டர் மேசை செய்யும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். கம்ப்யூட்டரை உள்ளேயே வைத்து நீங்கள் செய்துகொடுத்த என் மேசையின் படத்தை உங்கள் பையன் ஸ்டேட்டஸில் வைத்ததிலிருந்து, அதே மாதிரி வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுகிறார்கள் என்றீர்கள். ரேடியேட்டர், ரைசர், ஆர்ஜிபி (நிறம் மாறும் விளக்கு) என்று அவர்கள் அடுக்குவதைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்றும் சொன்னீர்கள். மர வேலையில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் பக்கத்தை மட்டும் இஞ்ச்சிலும் நூலிலும் (எட்டு நூல் ஒரு இஞ்ச்) எழுதித் தருகிறேன். தாளில் எழுதித் தராமல் இங்கே போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இனி யார் கூப்பிட்டாலும் இந்த லிங்கை அனுப்பி, "முதலில் இதைப் படிங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிடலாம். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். நின்றால் நல்லதுதான்.

வருகிறவர்கள் எல்லோர் கையிலும் இருக்கும் படம் ஒன்றேதான். மேலே மேசை முழுக்கக் கண்ணாடி, அடியில் பரத்தி வைத்த கம்ப்யூட்டர், சுற்றிலும் நீல விளக்கு. தைவானின் லியான் லி கம்பெனி இப்படி அலுமினியத்தில் ரெடிமேட் மேசைகளை விற்றிருக்கிறது. படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உட்கார்ந்து பாருங்கள், தெரியும். சாதாரண மவுஸ் தெளிவான கண்ணாடி மேல் ஓடாது. மவுஸின் அடியில் இருக்கும் சின்ன விளக்கின் ஒளி மேற்பரப்பில் பட்டுத் திரும்பினால்தான் அதற்கு வழி தெரியும்; தெளிவான கண்ணாடியில் அது ஊடுருவிப் போய்விடும். அதனால் கண்ணாடி மேல் பெரிய மவுஸ் பேட் விரிப்பார்கள், அதன் மேல் கீபோர்டு, நோட்டு, டம்ளர். கடைசியில் காசு கொடுத்துப் போட்ட கண்ணாடி கண்ணிலேயே படாது. எடையும் இருக்கிறது. 8 மி.மீ கண்ணாடி சதுர அடிக்கு ஏறக்குறைய 1.9 கிலோ. ஐந்தரைக்கு இரண்டரை அடி மேசை முழுக்கப் போட்டால் 25 கிலோவைத் தாண்டும். ஒரு ஒயரைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

நாம் செய்ததில் கண்ணாடி வலது பக்க இரண்டு அடிக்கு மட்டும். எடை 10 கிலோவுக்குள். மீதி மூன்றரை அடி மரம். எழுத, சாப்பிட, முழங்கை ஊன்ற, மானிட்டரைத் தாங்கும் கையை இறுக்கிப் பிடிக்க எல்லாம் அந்த மரம்தான். மானிட்டர் கையின் கிளாம்ப்பை எந்தக் காரணத்துக்காகவும் கண்ணாடியில் மாட்ட விடாதீர்கள். டஃபன்ட் (சூடேற்றிக் கெட்டியாக்கிய) கண்ணாடி நடுவில் அடியைத் தாங்கும், விளிம்பில் தாங்காது. அதனால்தான் நீங்கள் காடி எடுத்து விளிம்பை மரத்துக்குள் புதைத்தது சரியான வேலை. இன்னொன்று: டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, மொத்தமாகப் பொடிந்துவிடும். ஒயர் போக ஓட்டை வேண்டும் என்று யாராவது கேட்டால், ஆர்டர் கொடுக்கும் முன்பே அளவோடு கேட்டு வாங்குங்கள். மேசை முடிந்த பிறகு கேட்டால் புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

இனி கம்ப்யூட்டர் உட்காரும் அந்த ட்ரே. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் நானும் எல்லோரையும் போல கம்ப்யூட்டரை மேசைக்குள்ளேயே திருகி வைக்கத்தான் கேட்டிருப்பேன். "தம்பி, இந்தப் பெட்டி எத்தனை வருஷம் வரும்? நான் பண்ற மேசை உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்றீர்கள். எந்த கம்ப்யூட்டர் கடைக்காரரும் கேட்காத கேள்வி அது. கேமிங் கம்ப்யூட்டர் நான்கைந்து வருடத்தில் பழசாகிவிடும். எல்லாப் பாகமும் செருகும் மதர்போர்டை மாற்றுவோம், படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவோம். ஒவ்வொன்றுக்கும் மேசையில் புது ஓட்டை போட்டால் மேசை என்ன ஆகும்? அதனால் வருகிறவர் எவ்வளவு மன்றாடினாலும் ட்ரே இல்லாமல் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் மொத்தமும் ஒரே ட்ரேயில், ட்ரே டிராயர் சேனலில். இழுத்தால் முழுதும் வெளியே வர வேண்டும். என்றைக்காவது வேண்டாம் என்று தோன்றினால் ட்ரேயை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆழமான டிராயர் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியும் நிரந்தரமாக இருக்கும், யாரும் தூக்க வேண்டியதில்லை.

அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சேனல் 24 இஞ்ச், 45 கிலோ தாங்குவது, முழுதும் வெளியே வரும் ரகம். அதற்கு இரண்டு பக்கமும் நாலு நாலு நூல் விட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மதர்போர்டில் வழக்கமான பெரிய அளவு ஏடிஎக்ஸ்: 12 இஞ்ச்சுக்கு 9 இஞ்ச் 5 நூல். இன்டெல் 1995-ல் கொண்டுவந்த இந்த அளவும் அதன் ஓட்டைகள் இருக்கும் இடமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. இதற்கு இடம் விட்டால் அடுத்து வருவதும் பெரும்பாலும் உட்காரும். சிறிய போர்டு வைத்திருக்கிறேன் என்று சொல்பவருக்கும் இதே இடத்தை விடுங்கள். அளவு மாறிக்கொண்டே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். வருடா வருடம் நீள்கிறது. 14 இஞ்ச் நீளம், 6 இஞ்ச் அகலம், மூன்று இஞ்ச் உயரம் காலியாக வைத்தால் பெரும்பாலானவை அடங்கும்.

போர்டு படுத்திருக்கும்போது கார்டை அதன் மேல் நேராகச் செருகினால் அது செங்குத்தாக நிற்கும். அப்போது பெட்டிக்குள் ஏழு இஞ்ச் உயரம் வேண்டும். முப்பது இஞ்ச் மேசையில் ஏழு இஞ்ச் போனால் நாற்காலியின் கைப்பிடி இடிக்கும், முன்பட்டையும் அசிங்கமாகத் தடிக்கும். அதனால்தான் ரைசர் என்ற பட்டை ஒயர். அதன் ஒரு முனை போர்டில், மறுமுனை கார்டில்; கார்டு பக்கத்தில் படுத்துக்கொள்ளும். பெட்டி உள்ளுயரம் 5 இஞ்ச் போதும், மேசைக்கு அடியில் 24 இஞ்ச் மிஞ்சும். அந்தப் பட்டை ஒயரை மட்டும் மடித்து ஆணி அடிக்கிற மாதிரி எதுவும் செய்துவிட வேண்டாம். வளையலாம், மடங்கக் கூடாது. கார்டுக்குப் போகும் கரன்ட் ஒயரும் அப்படித்தான். செருகிய இடத்திலிருந்து ஒன்றரை இஞ்ச்சாவது நேராகப் போய்த்தான் திரும்ப வேண்டும். 2022-ல் வந்த பெரிய கார்டுகளில் அந்த முனை சரியாக உட்காராமல் உருகிய கதைகள் உண்டு. பக்கத்தில் இருப்பது மரம் என்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுகிறேன்.

எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரன்ட் தரும் பெட்டி, 6 இஞ்ச் அகலம், உயரம் மூன்றரை இஞ்ச்சுக்குள். அதன் ஒயர்கள் பொதுவாக இரண்டு அடிதான் வரும். அழகுக்காக அதை மேசையின் மறுகோடியில் வைக்கச் சொல்லும் ஆட்கள் வருவார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ட்ரே அடிப்பலகை நாலு நூல் ப்ளைவுட், அதன் மேல் அலுமினியத் தகடு. உருக்காலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் போடக் கூடாதா என்று ஒருவர் கேட்டதாகச் சொன்னீர்கள். போடலாம், ஆனால் துளைபோடுகிறவர் பாவம். எவர்சில்வரில் ட்ரில்லை வேகமாகச் சுற்றி அழுத்தம் குறைத்தால் அந்த இடமே இன்னும் கெட்டியாகிவிடும், பிட் மழுங்கும். இந்த வேலைக்கு அலுமினியம் போதும். போர்டு உட்காரும் இடத்துக்கு காயலான் கடையில் பழைய கேபினெட் ஒன்றை வாங்கி, உள்ளே இருக்கும் தகட்டை மட்டும் கிரைண்டரில் அறுத்து எடுத்து ரிவெட் அடித்துவிடுங்கள். ஓட்டை, மறை எல்லாம் தயாராக இருக்கும். புதிதாக அளந்து மறை போடுவதைவிட இதுதான் சுத்தமான வேலை.

சூட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும், சேலத்தில் இதுதான் முதல் பிரச்சினை. ஒரு நடுத்தர கேமிங் கம்ப்யூட்டர், ஆர்டிஎக்ஸ் 4070 கார்டும் கணக்குப் போடும் மூளையான ஒரு ரைசன் 7 சிப்பும் என்று வையுங்கள், விளையாடும்போது 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். இழுக்கும் கரன்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். மூன்று 100 வாட் குண்டு பல்பை டிராயருக்குள் எரியவிட்டு மூடிய மாதிரி. சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது யோசித்துப் பாருங்கள். இரும்பு கேபினெட் என்றால் தன் உடம்பு வழியாகவும் கொஞ்சம் சூட்டை வெளியே விடும். ப்ளைவுட் விடாது. காற்று வந்து போவதைத் தவிர வேறு வழி இல்லை.

வழி இதுதான். அடியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே, பின்னாலிருந்து சூடான காற்று வெளியே. ட்ரே அடிப்பலகையில் முன்பக்கமாக இரண்டு ஃபேன் படுத்த வாக்கில் மேல்நோக்கி ஊதும். ஒவ்வொன்றுக்கும் நாலரை இஞ்ச் வட்டம், ஸ்க்ரூ ஓட்டைகள் ஒன்றுக்கொன்று 105 மி.மீ தூரத்தில். கார்டின் ஃபேன்கள் கீழே பார்க்கும்படி கார்டைக் கவிழ்த்து, அதற்கு நேர் அடியில் வலை போட்ட ஜன்னல். கார்டின் அழகான முகம் கண்ணாடி வழியாகத் தெரியாதே என்று புலம்புவார்கள். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் அது தன் சூட்டையே திரும்பத் திரும்ப மூச்சு விடும் என்று சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் தனி ஜன்னல்.

சிப்புக்குத் தண்ணீர் கூலர். பம்ப் ஒன்று சிப்பின் சூட்டை வாங்கிய தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும், அங்கே அது ஆறித் திரும்பும். ரேடியேட்டர் 11 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் 6 நூல் அகலம். ட்ரேயின் பின்விளிம்பில் நிற்க வைத்தால் 5 இஞ்ச் பெட்டிக்குள் இரண்டு நூல் இடைவெளியில் உட்காரும். படுக்க வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மேட்டைத் தேடிப் போகும். ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்ப்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே போய்த் தங்கிவிடும். இல்லாவிட்டால் பம்ப்புக்குள் புகுந்து கடகடவென்று சத்தம் போடும், சிப்பும் சூடாகும். இந்த 5 இஞ்ச் உயரத்தை நான் விடாப்பிடியாகக் கேட்டது அதற்காகத்தான். பின்பலகையில் ரேடியேட்டர் அளவுக்கு வெட்டிவிட்டு, மேசைக்கும் சுவருக்கும் நடுவே நாலு இஞ்ச் விடச் சொல்லுங்கள். அலமாரி மாதிரி சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டால் எல்லாம் வீண்.

அந்த ஊதுபத்திச் சோதனையை எல்லா மேசைக்கும் செய்யுங்கள் அண்ணா. கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பத்தவைத்த ஊதுபத்தியை ட்ரேயின் அடியில் முன்ஃபேன் பக்கம் நீங்கள் நீட்டியபோது விளையாட்டாகச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். புகை ஃபேனுக்குள் இழுபட்டு மேலே வந்து, கண்ணாடிக்கு அடியில் தகடாகப் பரவி, பின்னால் நேராகப் போனது. வலது முன்மூலையில் மட்டும் போகாமல் அங்கேயே சுருண்டு சுருண்டு நின்றது. கண்ணாடி மேல் கை வைத்தால் அந்த மூலை மட்டும் சுட்டது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பெட்டிச் சுவரில் ஒரு கோடு கிழித்தீர்கள். மீந்து கிடந்த ரீப்பர் துண்டை மூலைக்குக் குறுக்காக, சரிவாகப் பொருத்தினீர்கள். அடுத்த முறை புகை அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்ஜினீயரிங் படித்தவர்கள் இதை கம்ப்யூட்டரில் வரைந்து கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். ஊதுபத்தி போதும். பத்தியை வாசனைக்காக ஓடும் கம்ப்யூட்டர் பக்கத்தில் தினமும் வைக்க மட்டும் விடாதீர்கள், அந்தப் புகை ரேடியேட்டரில் பிசுக்காகப் படியும்.

வலை இல்லாமல் ஒரு ஜன்னலும் திறந்திருக்கக் கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் தூசிக்கு வலை போடுகிறார்கள். நமக்குத் தூசியோடு பல்லி, கரப்பான், எறும்பு எல்லாம் உண்டு. சூடான இடம் என்றால் பல்லிக்குக் கொண்டாட்டம். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் புகுந்து இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டால் பல்லியும் போச்சு, எஸ்எம்பிஎஸ்ஸும் போச்சு. ஒயர் வரும் ஓட்டையைச் சுற்றியும் ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிடுங்கள். கொசுவலை நெருக்கமாக இருந்தால் காற்று திணறும், கொஞ்சம் பெரிய கண் உள்ள வலையாகப் பாருங்கள். சட்டம் போட்டுக் காந்தத்தில் ஒட்டினால், மாதம் ஒரு முறை கழற்றித் தட்டிவிட்டு மாட்டலாம்.

சின்னச் சின்ன மர வேலைகள் சில. பவர் சுவிட்சும் ஃபேன் ஸ்க்ரூவும் மெல்லிய தகட்டுக்காகச் செய்தவை, ஆறு நூல் பலகையில் மறுபக்கம் எட்டாது. சுவிட்ச் வரும் இடத்தில் உள்பக்கமாகக் குடைந்து ஒரு நூல் கனம் மட்டும் விட்டீர்களே, அதையே செய்யுங்கள். ஃபேனுக்கும் பலகைக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வேண்டும். இல்லையென்றால் மேசை மொத்தமும் தம்புரா போல ரீங்காரமிடும். பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களிடம் எஸ்எஸ்டிக்கு மாறச் சொல்லுங்கள், அதில் சுற்றும் பாகமே இல்லை. கால்கள் போல்ட்டில் இருக்கட்டும். நம் ஊரில் பாதிப் பேர் வாடகை வீடு, மாடிப்படித் திருப்பத்தில் இந்த மேசை திரும்பாது.

பலகை ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்தான், மலிவு ரகம் வேண்டாம். டம்ளர் கவிழ்ந்தால் தெரியும். சில்வர் ஓக்கில் செய்ய முடியுமா என்று ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டதாகச் சொன்னீர்கள். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நட்டு, மிளகுக் கொடி ஏற்றி வளர்த்த மரம், கையில் இருக்கிறது, ஆசை நியாயம்தான். ரேகை பார்க்கவும் அழகு. மேல் பலகைக்கும் முன்பட்டைக்கும் போட்டுக்கொடுங்கள். பெட்டிச் சுவருக்கு வேண்டாம். சரியாக உலராத பலகை முறுக்கிக்கொள்ளும், ஒரு பக்கம் தினமும் சூடு, மறுபக்கம் மலைப்பனி என்றால் இன்னும் மோசம். இரண்டு நூல் முறுக்கினாலே சேனல் சிக்கும். மற்றபடி ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம், சூடு அங்கே அவ்வளவு தொல்லை தராது. ஈரமும் இடியும்தான் தொல்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடியே வைக்க வேண்டாம், தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

கரன்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று, ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எர்த். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாத வீட்டில், கொஞ்சம் கரன்ட்டை அதன் இரும்பு உடம்பில் கசியவிடும். கேபினெட்டைத் தொட்டால் சுருக் என்று ஒரு கடி வருமே, அதுதான். நம் அலுமினியத் தகடும் அதோடு சேர்ந்துதான் இருக்கிறது. ட்ரேயை இழுக்கும்போது கை அதில்தான் படும். தகட்டிலிருந்து எஸ்எம்பிஎஸ் உடம்புக்கு ஒரு தனி ஒயர் போட்டு, வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் இருப்பதைக் காட்டிய பிறகுதான் மேசையை இறக்குங்கள். யுபிஎஸ் மேசைக்குள் வேண்டாம். பேட்டரி தரையில் இருக்கட்டும்.

கடைசியாகக் கூலி. இதை நான் எழுதினால்தான் உண்டு, நீங்கள் கேட்க மாட்டீர்கள். வருகிறவர் கார்டுக்கு மட்டும் அரை லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பார், அதில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். உங்களிடம் வந்து, ஸ்டடி டேபிள் இவ்வளவுக்குக் கிடைக்கிறதே என்பார். ட்ரே, சேனல், குடைதல், வலைச் சட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதிக் கொடுங்கள். கண்ணாடிக்கும் சேனலுக்கும் முன்பணம். கம்ப்யூட்டர் சாமான்கள் அனைத்தும் உங்கள் பட்டறைக்கு வந்து, அளந்து பார்த்த பிறகுதான் ப்ளைவுட் வாங்கப் போக வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்துவிடும் என்ற பேச்சுக்கெல்லாம் மயங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அளக்க நானும் வருகிறேன், முந்தின நாள் போன் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
சேலம்